பன்னிரண்டு, பத்து, எட்டு

அன்று ஆறாவது வளைவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மருமகள், குடிநீர் அலுவலகத்து மேற்பார்வையாளர், இடது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த நெட்டை, அலுவலக ஜீப்பை ஓட்டிவந்த ரேடியோ. என் மகன் அங்கே இல்லை. அவன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். கல் ஏற்றிய லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. அதன் ஓட்டுநர் இறங்கவில்லை என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. வேறு யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

நெட்டையின் வேலை மலை மேல் இருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குத் தினமும் போய் மட்டம் பார்த்து, வால்வைத் திறந்துவிட்டு வருவது. வண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டிலை முட்டும், அவ்வளவு உயரம். ரேடியோவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. அவன் வாய்க்கு அணைக்கும் சுவிட்ச் கிடையாது.

எங்கள் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு நாற்பத்தாறு வயது. நான் தொடங்கியது. என் விரல் முட்டிகள் மடங்க மறுத்தபோது ஸ்பானரை மகனிடம் கொடுத்திருக்க வேண்டும். அவனுக்குச் செயின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே சந்தேகம். ஸ்பானரை எடுத்தது மருமகள். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே ஒருநாள், நான் அரை நாளாகத் தேடிக்கொண்டிருந்த சத்தத்தைக் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டு, "மாமா, அது இன்ஜின் இல்ல, சைலன்சர் கிளாம்ப்" என்றாள். அதுதான். அன்றிலிருந்து பட்டறை அவளுடையது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை முடித்தவர் சீட்டைத் தூக்கி, அடியில் சாக்பீஸால் தன் குறியைப் போட வேண்டும். வண்டியில் ஏதாவது வந்தால் யார் கை என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். மருமகளின் குறி ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. குறி விழுந்த பிறகு வண்டி என்னிடம் வரும். நான் டேங்கைத் துடைத்து மெருகேற்றுவேன். வெள்ளைப் பசையைத் துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து, காய்ந்த பின் வேறு துணியால் எடுப்பேன். டேங்கில் என் முகம் தெரிந்த பிறகுதான் வண்டி வாசல் தாண்டும். மங்கிய டேங்கோடு ஒரு வண்டியும் எங்கள் வாசலை விட்டுப் போனதில்லை.

குடிநீர் அலுவலகத்தின் எட்டு வண்டிகளும் எங்களிடம்தான் வரும். நெட்டையின் வண்டி எட்டிலும் பழையது. அதன் பெட்ரோல் மூடி பழைய காலத்து வெள்ளி முலாம் பூசியது. தேய்த்தால் கண் கூசும். அதற்கு மட்டும் நான் கூடுதலாக ஒரு கை பசை எடுப்பேன்.

மழைக்காலம் தொடங்கியதும் அந்த வண்டிக்குக் கோளாறு வந்தது. மலைப் பாதையில் பதின்மூன்று வளைவுகள். சர்வீஸ் முடித்துப் போன வண்டி பன்னிரண்டாவது வளைவில் தானாக நின்றது.

"எப்படி நின்னுச்சு அண்ணே? படக்குனா, இருமி இருமியா?" என்று மருமகள் கேட்டாள்.

"இருமி இருமி. எங்க சித்தப்பா மாதிரி" என்றான் நெட்டை. "இறங்கி, மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருக்கு. மூடிட்டு ஒரு உதை உதைச்சேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடுச்சு."

அவள் பிளக்கை மாற்றினாள். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினாள். பட்டறையில் இன்ஜினைச் சோதிக்கும்போது டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவோம். பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மேலே தொங்கவிட்டு, அதிலிருந்து டியூப் கொடுத்து ஓட்டுவோம். அப்படி ஒரு மணி நேரம் ஓட்டினாள். நிற்கவில்லை. வட்டமும் புள்ளியும் போட்டாள். நான் துடைத்தேன்.

இரண்டாம் முறை வண்டி பத்தாவது வளைவிலேயே நின்றது. பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில்களில் சில, சூடானால் வேலை செய்யாது, ஆறினால் செய்யும். அவள் காயிலை மாற்றினாள். பாட்டில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினாள். தெருவில் நான்கு சுற்று சுற்றினாள். குறி போட்டாள். நான் துடைத்தேன்.

மூன்றாம் முறை எட்டாவது வளைவு. ஏற்றம், சல்லி, மழை. வண்டி நின்றதும் நெட்டை பதறிக் கிளட்சைப் பிடித்துவிட்டான். பின்னோக்கி உருளத் தொடங்கியது. முன் பிரேக்கை அழுத்தினான். ஏற்றத்தில் பின்னால் உருளும் வண்டியை, அதுவும் சல்லியில், முன் பிரேக் நிறுத்தாது. வழுக்கி இழுத்துக்கொண்டு போகும். விளிம்புக்கு இரண்டு முழம் முன்னால் ஒரு கல் அவனைத் தடுத்தது. அவன் தோளில் காறை எலும்பு முறிந்தது. கல் இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஊர் வாய் திறந்தது. பன்னிரண்டு, பத்து, எட்டு. அந்த அம்மா கை படப் பட வண்டி மோசமாகிறது என்றார்கள். பொம்பளை ஸ்பானர் பிடித்தால் இப்படித்தான் என்றும் சொன்னார்கள். அதை என் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

சாப்பாட்டு மேசையில் மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "போதும், விட்டுடலாமே" என்றான்.

"எதை?" என்றாள் அவள்.

"பட்டறையை. நாளைக்கு யாராவது செத்துப்போனா?"

"ஒரு கணக்கு தப்பா வந்தா நீங்க பள்ளிக்கூடத்தை விட்டுடுவீங்களா, இல்ல எங்க தப்புன்னு தேடுவீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்தார். கண்ணியமான மனிதர், நாற்காலியைத் துடைக்காமலே உட்காருவார். அன்று உட்காரவில்லை.

"பெரியவரே, மேல அறிக்கை அனுப்பணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம விடமுடியாது. வியாழக்கிழமை காலையில வண்டியை மேல் தொட்டிக்கு ஏத்திக் காட்டுங்க. நிக்காம போச்சுன்னா சரி. நின்னுச்சுன்னா, ஏன்னு எனக்குப் புரியற மாதிரி காட்டுங்க. ரெண்டும் இல்லன்னா, பழுது பார்த்தவர் கவனக்குறைவுன்னுதான் எழுத முடியும். சீட்டுக்கு அடியில குறி இருக்கு. அப்படி எழுதிட்டா, இந்த ஊர்ல எந்த அலுவலக வண்டியும் அவங்க தொட முடியாது."

"ஏத்திக் காட்டறேன் சார்" என்றாள் மருமகள். நெட்டை தினமும் கட்டிக்கொண்டு போகும் கருவிப் பெட்டியின் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டுவதாகவும் சொன்னாள்.

"மூட்டை வேண்டாம். நான் வரேன்" என்றேன். "நடந்ததை மூட்டை வந்து சாட்சி சொல்லாது."

புதன்கிழமை மாலை, முறிந்த ஹேண்டிலை மாற்றி அவள் குறியைப் போட்டாள். அலுவலகம் பார்க்கப்போகிற வண்டி. நான் வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தேன். மூடியை மூன்று முறை.

வியாழக்கிழமை வானம் மூடிக்கிடந்தது. ஜீப்பில் மேற்பார்வையாளரும் நெட்டையும். நெட்டையை யாரும் கூப்பிடவில்லை. "என் எலும்பை உடைச்சது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று ஏறிக்கொண்டான்.

மருமகள் எனக்கு ஹெல்மெட் வாரை இறுக்கிவிட்டாள். "மாமா, வளைவுல நான் சாயற பக்கமே நீங்களும் சாயணும். எதிர்ப்பக்கம் சாஞ்சா வண்டி யார் பேச்சைக் கேக்கும்?"

"எனக்கு யார் பக்கமும் சாஞ்சு பழக்கமில்ல."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். முடியலன்னா மூட்டை மாதிரி இருங்க. மூட்டை எதிர்த்துப் பேசாது."

கிளம்பினோம். முதல் இரண்டு வளைவுகள் நல்ல தார். மூன்றாவதிலிருந்து மழை அரித்த சாலை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கிவிட்டு, பிறகு எதையும் தொடாமல் ஒரே இழுப்பில் வளைத்தாள். முன் பிரேக்கின் பக்கம் அவள் விரல் போகவில்லை. பார்வை பள்ளத்தில் இல்லை, வளைவு முடியும் இடத்தில் இருந்தது. பார்க்கும் இடத்துக்குத்தான் வண்டி போகும் என்று நான் முப்பது வருஷம் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னதுதான். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த நான் பள்ளத்தைத்தான் பார்த்தேன்.

"மாமா, உங்க இடுப்பைத் தளர விடுங்க. முதுகு அப்படியே இருக்கட்டும்."

நான்காவதைத் தாண்டியதும் சகதி. அவள் கால்வைக்கும் கட்டையில் எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டு, முதல் கியரிலேயே ஊர்ந்தாள். பின்சக்கரம் இரண்டு முறை பக்கவாட்டில் நழுவியது. இரண்டு முறையும் அதை வலுக்கட்டாயமாகத் திருப்பாமல் நழுவவிட்டாள். அது தானாகவே திரும்பி வந்தது. நான் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது.

எட்டுக்கு இன்னும் மூன்று வளைவு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவளும் அதையே எண்ணியிருக்க வேண்டும்.

ஆறாவது வளைவு எட்டைவிட மோசமானது. பள்ளத்தின் பக்கம் சாலையில் ஒரு துண்டு சரிந்து போயிருந்தது. சுவர் கிடையாது. சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு லாரி போகும் அகலமே மிச்சம். வளைவுக்குள் நுழைந்தபோது மேலேயிருந்து லாரியின் ஹாரன் கேட்டது. அதே நேரம் இன்ஜின் இருமியது.

"மாமா, போகுது" என்றாள், சாதாரணமாக.

ஓரம் கட்ட இடமில்லை. இன்ஜினில் மிச்சமிருந்த மூச்சை வைத்து வண்டியை மலைப் பக்கம் திருப்பினாள். இன்னும் இரண்டு முறை இருமிவிட்டு அது நின்றது. ஏற்றத்தில் வண்டி ஒரு கணம் அசையாமல் நின்றது, பின்னால் ஒரு சாண் உருண்டது.  அவள் கிளட்சைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்த விரல்களையும் எடுத்துவிட்டாள். கியரில் கிடந்த இன்ஜின் பின்சக்கரத்தைக் கவ்வியது. வண்டி ஒரு உதறலோடு நின்றது.

"இறங்குங்க மாமா. மலைப் பக்கம். மெதுவா, ஆனா சீக்கிரம்."

எழுபத்து மூன்று வயதில் அந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது எளிதல்ல. இறங்கினேன். "கல்லு" என்றாள். பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைத் தள்ளினேன். அவள் இறங்கவில்லை. ஒரு காலை மண்மேட்டில் ஊன்றி, வண்டியை மேட்டோடு சேர்த்துச் சாய்த்துப் பிடித்தாள். நான் மேட்டில் முதுகை ஒட்டினேன்.

லாரி வந்தது. அதன் சக்கரம் பள்ளத்துப் பக்கம் சுண்ணாம்புக் கல் ஒன்றை உருட்டிவிட்டது. கல் விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. பக்கவாட்டுப் பலகை எங்கள் ஹேண்டிலுக்கு ஒரு கை அகலத்தில் உரசாமல் நகர்ந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். வளைவுக்குக் கீழே அகலமான இடத்தில் ஜீப்பை ஒதுக்கி நிறுத்தியிருந்த ரேடியோ, லாரி போனதும் நடந்து வந்தான்.

"செத்தோம்னு நெனச்சேன்" என்றான்.

"நீ ஜீப்புலதானே இருந்தே?" என்றான் நெட்டை.

மேற்பார்வையாளர் குறிப்பேட்டோடு வந்தார். லாரியைப் பார்த்து அவர் முகமும் வெளுத்திருந்தது. "நின்னுடுச்சேம்மா. எட்டுகூட வரலையே."

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

வானத்தில் இடி உருண்டது. நெட்டை பழக்கதோஷத்தில் நல்ல கையை நீட்டி டேங்க் மூடியைத் திருகப் போனான். "பெட்ரோல் இருக்கான்னு..."

"அண்ணே, கை வைக்காதீங்க." அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒவ்வொரு தடவை நின்னப்பவும் மூடியைத் திறந்து பாத்தீங்களா?"

"பாக்காம? பெட்ரோல் இல்லாம உதைச்சுக்கிட்டு இருந்தா சிரிக்க மாட்டாங்களா?"

"திறந்து மூடினதுக்கு அப்புறம்தான் கிளம்புச்சு."

"ஆமா."

"எட்டாவது வளைவுல?"

"அங்க எங்க திறக்கறது? நானே திறந்து கிடந்தேன்."

அவள் குந்தி உட்கார்ந்து, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் டியூபை உருவினாள். ஓடி வர வேண்டிய பெட்ரோல் சொட்டாக விழுந்தது. இரண்டு சொட்டு, மூன்று. அதுவும் நின்றது. "சார், இங்க வந்து பாருங்க. டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கு. கீழ இறங்கல." எழுந்து மூடியை மெல்லத் திருகினாள். உள்ளிருந்து நீண்ட மூச்சு கேட்டது, யாரோ தண்ணீருக்கடியிலிருந்து எழுந்து காற்றை இழுப்பது போல. கீழே டியூபிலிருந்து பெட்ரோல் கம்பியாக ஓடியது.

மேற்பார்வையாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன இது?"

"எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் வருமா சார்? காத்து போக இன்னொரு ஓட்டை வேணும். பெட்ரோல் குறையக் குறைய உள்ள காத்து போகத்தான் மூடி நடுவுல ஊசி அளவு துளை இருக்கு. அது அடைச்சிருக்கு. கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் மூச்சுத் திணறும். ஏத்தத்துல அதிகம் குடிக்கும், அதனால மலையில நிக்குது, தெருவுல நிக்கல. நான் பட்டறையில பாட்டில்ல வெச்சு ஓட்டினேன். பாட்டிலுக்கு மூடியே இல்ல." கடைசி வாக்கியத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்.

மூடியை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். துளையில் வெளிச்சம் தெரியவில்லை. கருவிப் பையிலிருந்து பழைய பிரேக் கேபிளின் ஒற்றைக் கம்பியை எடுத்துத் துளையில் குத்தினாள். அடைத்திருந்தது உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

நான் நாலடி தள்ளி நின்றேன். என் கண் தூரத்துப் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. உதிர்ந்தது வெள்ளையாக இருந்தது. காய்ந்த சுண்ணாம்பு போல வெள்ளை. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். விரல்களை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை.

"என்னம்மா அது?"

"தூசி சார். ரோட்டுத் தூசி." கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் பேனாவை எடுத்தார். அவருக்கும் வருத்தம்தான். "காரணம் கிடைச்சது நல்லதும்மா. ஆனா மூணு தடவை சர்வீசுக்கு வந்த வண்டி. மூணு தடவையும் மூடியில தூசியைப் பாக்கலன்னா, நான் என்னன்னு எழுத?"

"கவனக்குறைவுன்னு எழுதுங்க சார். பாக்காதது என் தப்புதான்."

அவர் எழுதத் தொடங்கினார். பன்னிரண்டு, பத்து, எட்டு, இன்று ஆறு. ஒவ்வொரு முறையும் அவள் கை பட்ட பிறகு மோசமானது உண்மை. ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பிறகு என் கை பட்டது என்பதும் உண்மை. கூடுதலாக ஒரு கை பசை. நேற்று மாலை மூன்று முறை. தூசி என்ற சொல்லுக்குள் நான் இல்லை. என்னை வெளியே நிறுத்தத்தான் அவள் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தாள். பேசாமல் இருந்தால் போதும். சாப்பாட்டு மேசையில் இருந்தது போல. மழைத்துளி ஒன்று குறிப்பேட்டில் விழுந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"எழுதினதை அடிச்சிடுங்க" என்றேன். "அது தூசி இல்ல. என் மெருகுப் பசை."

"மாமா."

"நீ சும்மா இரும்மா. டேங்கைத் துடைக்கறது நான். மூடியைத் தேய்க்கறது நான். துளைக்குள்ள பசை போகும், காயும்னு நாப்பத்தாறு வருஷத்துல நான் ஒருநாளும் யோசிக்கல. இவ அதைத் தொட்டதே இல்ல. குறி போட்ட பிறகு வண்டி என் கைக்கு வரும். அதுக்கப்புறம் நேரா வாசல்தான்."

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். குரலைத் தணித்துக்கொண்டார். "பெரியவரே, வீட்டுப் பிள்ளைக்காகச் சொல்றீங்க. எனக்குப் புரியுது. நானும் ரெண்டு பொண்ணைக் கட்டிக்கொடுத்தவன். ஆனா அறிக்கையில..."

"யாருக்காகவும் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. வயசான காலத்துல புதுசாக் கத்துக்க விருப்பமும் இல்ல." சட்டைப் பையிலிருந்து மெருகுத் துணியை எடுத்தேன். அது எப்போதும் என் பையில் இருக்கும். மடிப்பில் காய்ந்த பசையைச் சுரண்டி, அவர் குறிப்பேட்டின் அட்டைமேல் போட்டேன். "அவ கையில மிச்சம் இருந்தா பக்கத்துல வெச்சுப் பாருங்க."

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் கை மூடியே இருந்தது. "கையைத் திறம்மா" என்றேன். திறந்தாள். ரேகைகளுக்குள் வெள்ளை. அவர் இரண்டையும் விரலால் நசுக்கினார், மோந்து பார்த்தார். பக்கத்தை அடித்தார். புதிதாக எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.  

"அப்போ என் எலும்பை உடைச்சது உங்க பாலிஷா அய்யா?" என்றான் நெட்டை.

"ஆமாம்."

அவன் தன் கைக்கட்டைக் குனிந்து பார்த்தான். "நல்லவேளை, டயருக்குப் பாலிஷ் போடல."

அவன் ஷூவின் கயிறு அவிழ்ந்து சகதியில் கிடந்தது. ஒற்றைக் கையால் கட்ட முடியாமல் காலையிலிருந்து இழுத்துக்கொண்டே நடந்திருக்கிறான். நான் குனிந்து கட்டிவிட்டேன். இரட்டை முடிச்சு. நிமிர நேரமானது. யாரும் கை கொடுக்க வரவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

"சார், இன்னும் மேல் தொட்டி பாக்கி இருக்கு" என்றாள் மருமகள். டியூபை மாட்டி, மூடியைப் போட்டு, உதைத்தாள். இரண்டாம் உதையில் எடுத்தது.

மழை பிடித்துக்கொண்டது. மீதி ஏழு வளைவுகளிலும் அவள் இன்ஜினைக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். நானும் கேட்டேன். எட்டாவதில், நெட்டையைத் தடுத்த கல்லைக் கடந்தபோது, அவள் சாய்ந்த பக்கமே நானும் சாய்ந்தேன். பத்து. பன்னிரண்டு. இருமல் இல்லை. மேல் தொட்டியின் இரும்புக் கதவுக்கு முன்னால் அவள் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஐந்து நிமிஷம் ஓடவிட்டாள். இறங்கும்போதும் இன்ஜினை அணைத்து உருட்டிவிடாமல், இரண்டாம் கியரிலேயே அதன் பிடியில் இறக்கினாள்.

கீழே வந்து பட்டறை வாசலில் நின்றபோது கேட்டேன். "எதுக்குத் தூசின்னு சொன்னே?"

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நான் வேற பட்டறையில வேலை தேடிக்கலாம் மாமா. உங்களுக்கு வேற ஊர் எங்க இருக்கு?"

 சீட்டைத் தூக்கினேன். வட்டமும் புள்ளியும் மழையில் பாதி அழிந்திருந்தன. அவள் குறியை அவளையே திரும்பப் போடச் சொன்னேன். பக்கத்தில், முதல் முறையாக, என் குறியையும் போட்டேன். துடைப்பவனுக்கும் குறி உண்டு என்று அன்றிலிருந்து வழக்கம்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நடந்ததை முழுவதும் மகனிடம் சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். "தப்பு எங்கன்னு தேடிக் கண்டுபிடிச்சுட்டா" என்று முடித்தேன். பட்டறையை விடும் பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை. இப்போதும் நான்தான் டேங்கைத் துடைக்கிறேன். ஆனால் துடைக்கத் தரும் முன் அவள் மூடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்கிறாள். டேங்கின் வாயைத் துணியால் கட்டித்தான் தருகிறாள். மூடி இப்போது கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது.

அலுவலக வண்டிகள் எட்டும் எங்களிடமே வருகின்றன. ரேடியோ அந்த வாரமே ஊர் முழுக்க ஒலிபரப்பிவிட்டான். மருமகள் தப்பு செய்தாளாம். அவளே தூசி என்று ஒப்புக்கொண்டாளாம். குடும்ப மானத்துக்காகப் பெரியவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம். நெட்டையின் காலிலேயே விழுந்தாராம். வழியில் பார்ப்பவர்கள் என் கையைப் பிடித்து, உங்களைப் போல ஒரு மாமனார் உண்டா என்கிறார்கள்.

நான் யார் காலிலும் விழவில்லை. ஷூ கயிறு கட்டினேன். யார் பழியையும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அந்தத் துளையை அடைத்தது நான்.